முகாமுக்குப் பிந்தி வரும் பெட்டை நாய்கள்

இலங்கையின் வடக்கில், போர் ஓய்ந்த ஊர்களில் இலவச நாய்க் கருத்தடை முகாம் நடத்தும் கால்நடை வைத்தியர்கள் திரும்பத் திரும்பக் காண்பது பிந்தி வரும் பெட்டை நாய்களையே ஆகும். முதற் பருவத்துக்கு முன்பே வரவேண்டிய பெட்டை இரண்டு மூன்று முறை குட்டி போட்டு மெலிந்த பிறகு வருகிறது. அல்லது வயிறு தள்ளி, ஈனுவதற்குச் சில நாட்களே இருக்கையில் வருகிறது. அல்லது கருப்பையில் சீழ் கட்டி, எழுந்து நிற்க மாட்டாத நிலையில் உரப்பையில் சுருட்டிச் சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவரப்படுகிறது. அதே ஊர்களின் வைத்தியசாலைகளுக்கு, நாய் கடித்த பிள்ளைகள் காயத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பியபடி நாட்கள் கழித்து வருகிறார்கள். ஒன்று விலங்கு வைத்தியம், மற்றது மனித வைத்தியம் என்று பிரித்துப் பார்க்கப்படுவதனாலேயே இந்த இரு தாமதங்களும் நீடிக்கின்றன.

போர் விட்டுச்சென்ற நிலைமை

1995 அக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்தபோதும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஊர் ஊராக நகர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போய், பின்னர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டபோதும், வீட்டு நாய்களைக் கூட்டிக்கொண்டு போக எவருக்கும் வழி இருக்கவில்லை. விடப்பட்ட நாய்களில் தப்பியவை தம் போக்கில் பெருகின. 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பின், குளிரூட்டியில் வைத்தே கொண்டுபோக வேண்டிய தடுப்பூசி மருந்து வன்னிக்குச் சீராகப் போய்ச் சேரும் நிலை இருக்கவில்லை. மக்கள் மீளக் குடியேறியபோது வீடுகளுக்குக் கூரையே இல்லாத இடத்தில் வேலி எங்கிருந்து வரும்? வேலியில்லாத வளவில் வளரும் நாய், சோறு வைக்கும் வீடு ஒன்று இருந்தும், ஊர் முழுக்கத் திரியும் கட்டாக்காலியாகவே வாழ்கிறது.

ஆயினும் அந்த நாய் வேண்டாத பிராணி அன்று. கணவரைப் போரில் இழந்து அல்லது காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடியபடி தனித்து வாழும் பெண்கள் நிறைந்த கிராமங்களில், இரவில் வாசலில் குரைக்கும் நாய்தான் அவர்களுக்கு உள்ள காவல். எனவே நாய்களைக் குறைப்பது பற்றிப் பேசுவோர் இந்தத் தேவையை மதித்தே பேச வேண்டும். மறுபுறம், மிதிவெடியில் காலிழந்து ஊன்றுகோலுடன் நடப்போருக்கும், பள்ளிக்குக் கால்நடையாகப் போகும் சிறுவருக்கும் சந்தியில் கூடும் நாய்க் கூட்டத்திலிருந்து விலகி ஓடுவது இயலாத காரியம்.

முகாமுக்கு எதிராக இருக்கும் அச்சமும் காரணமற்றதன்று. 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டத்தின் வழியில் தெரு நாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் நூறாண்டுக்கு மேல் நீடித்து, 2006இலேயே அரசின் கொள்கையாகக் கைவிடப்பட்டது. வலையுடன் வாகனத்தில் வருவோரைக் கண்டதும் நாயை ஒளித்து வைப்பது அந்த நினைவினால்தான். கிராம அலுவலரும் சனசமூக நிலையத்தாரும் சில நாட்களுக்கு முன்பே வீடு வீடாகச் சென்று, பிடித்த நாய் அதே வாசலுக்குத் திரும்பி வரும் என்று சொல்லாத ஊரில் எந்த முகாமும் வெற்றி பெறுவதில்லை.

தடுப்பூசி மட்டும் போதாத காரணம்

விசர்நாய்க்கடி நோய் எனப்படும் ரேபிஸ், ஒரு பகுதியின் நாய்களில் குறைந்தது 70 வீதமானவற்றுக்குத் தடுப்பூசி போடப்பட்டால் அங்கே பரவ முடியாமல் நின்றுபோகும் என்பது உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. பெட்டை நாய் ஆண்டுக்கு இரு தடவை வரை பருவத்துக்கு வரும். சினைக்காலம் 63 நாட்கள் அளவே. ஆகவே தடுப்பூசி போட்டு முடித்த சில மாதங்களிலேயே ஊசி காணாத புதிய குட்டிகள் தெருவை நிரப்ப, எட்டிய 70 வீதம் கரைந்துபோகிறது. கருத்தடை இந்தக் கரைவைத் தடுக்கிறது. கருத்தடை செய்யப்பட்ட நாய் நீண்ட காலம் வாழ்வதால், ஆண்டுதோறும் அதற்குப் போடும் ஊசியும் வீணாவதில்லை. 1973இல் இலங்கையில் 377 பேர் இந்நோயால் இறந்தனர். அண்மைய ஆண்டுகளில் அந்தத் தொகை ஐம்பதுக்குக் கீழே இறங்கியிருப்பது பெரும்பாலும் நாய்களுக்குப் போட்ட ஊசியின் பயன்.

ஊரில் உலவும் தவறான எண்ணங்கள்

“ஒரு ஈற்றாவது குட்டி போட்ட பிறகுதான் கருத்தடை செய்யலாம்” என்பது எல்லாவற்றிலும் ஆழமாக வேரோடிய எண்ணம். இதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. முதற் பருவத்துக்கு முன் கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்ட பெட்டைக்கு முலைக்கட்டி வரும் வாய்ப்பு மிகக் குறைவு. பருவங்கள் கழியக் கழிய இந்தப் பாதுகாப்புக் குறைந்துகொண்டே போகும். கருப்பையே இல்லாதபோது அதில் சீழ் கட்டுவதும் இல்லை. புணர்ச்சியால் நாய்க்கு நாய் தொற்றி, பிறப்புறுப்பில் இரத்தம் கசியும் கட்டியாக வளரும் புற்று வகையும் இதனால் பெரிதும் தவிர்க்கப்படுகிறது. கடுவனை மட்டும் காயடித்தால் போதும் என்று எண்ணுவோர், எஞ்சியிருக்கும் ஒரே ஒரு கடுவன் பல பெட்டைகளைச் சினையாக்கும் என்பதை மறந்துவிடுகின்றனர். முகாமில் இடம் குறைவாக இருக்கும் நாளில் பெட்டைக்கே முதலிடம் தர வேண்டியது இதனால்தான்.

கருத்தடை செய்த நாய் காவல் காக்காது என்று அஞ்சுவது, குறிப்பாகத் தனித்து வாழும் பெண்களின் அச்சம். அதை அலட்சியம் செய்யாமல் விளக்க வேண்டும். தன் வளவையும் தன் வீட்டாரையும் காக்கும் இயல்பு சூலகத்தில் இல்லை. உண்மையில், பருவகாலத்தில் வாரக்கணக்கில் வீட்டை விட்டு அலையும் நாய்தான் காவலுக்கு உதவாதது.

“பாவம், ஒரு உயிரின் வம்சத்தை அறுக்கலாமா?” என்ற கேள்வி பக்தியிலிருந்து எழுவது, மதிக்கத் தக்கது. ஆனால் அதே கேள்வியைக் கேட்கும் வீட்டாரே, பெட்டைக் குட்டிகளை மட்டும் தெரிந்தெடுத்துக் கண் திறக்கும் முன்னே பெட்டியில் வைத்துச் சந்தையடியிலும் கோயில் வாசலிலும் விட்டுவிட்டு வருகிறார்கள். வெயிலிலும் பசியிலும் வாகனச் சில்லுகளிலும் அவற்றில் பெரும்பாலானவை மாண்டுபோக, எஞ்சியவை அடுத்த ஆண்டின் கட்டாக்காலிகள் ஆகின்றன. பாவம் எது என்பதை அந்தப் பெட்டிக்கு அருகே நின்று யோசித்தல் நன்று.

குட்டி பிடிக்காமல் இருக்க ஊசி போட்டால் போதாதா என்று கேட்போரும் உளர். பருவத்தைத் தள்ளிப்போடும் இயக்குநீர் ஊசி, அதாவது ஹோர்மோன் ஊசி, கருப்பைச் சீழையும் முலைக்கட்டியையும் வரவழைக்கக் கூடியது. உயிருக்குப் போராடும் நிலையில் கொண்டுவரப்படும் பெட்டைகளில் இத்தகைய ஊசி போடப்பட்டவையும் உண்டு. கொன்றுவிடுவதே எளிது என்போருக்கான விடை நூறாண்டு அனுபவத்தில் இருக்கிறது: கொல்லப்பட்டவற்றின் இடத்துக்கு அயலிலிருந்து தடுப்பூசி போடாத நாய்கள் வந்துசேர்கின்றன, தடுப்பூசி போட்டவையும் கூடவே கொல்லப்படுகின்றன, நோய் அப்படியே நிற்கிறது.

வீட்டு வைத்தியம் செய்யும் கேடு

சொறி பிடித்த நாயின் உடம்பில் வாகனத்தின் கழிவு ஒயிலைப் பூசுவதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது. தோல் வெந்துபோவது ஒருபுறமிருக்க, நாய் அதை நக்கி விழுங்க ஈரலும் சிறுநீரகமும் நஞ்சாகின்றன. புழு வைத்த புண்ணில் வயலுக்கு அடிக்கும் பூச்சிநாசினியைக் கொட்டுவது புழுவோடு நாயையும் கொல்லும். சத்திரசிகிச்சைக்குப் பின் நாய் வலியில் முனகுகிறது என்று கடையில் வாங்கிய மனித வலி மாத்திரைகளைக் கொடுப்பவர்கள், நல்ல எண்ணத்துடனேயே அதன் குடலில் புண்ணை உண்டாக்குகிறார்கள். முகாமுக்குரிய வலிநீக்கியை முகாம் வைத்தியரே கொடுத்திருப்பார். அதற்கு மேல் எதுவும் அவரைக் கேளாமல் கொடுக்கக் கூடாது.

மனிதரின் கடிகாயத்தில் நடப்பது இதனினும் கொடிது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மண்ணெண்ணெய் ஆகியவற்றில் ஒன்றும் ரேபிஸ் கிருமியைக் கொல்லப் போவதில்லை. காயத்தைக் கழுவ விடாமல் மூடி, கிருமிக்கு இடம் கொடுக்கின்றன. கடிக்கு மந்திரித்துப் பத்தியம் இருந்து பிழைத்தவர் என்று காட்டப்படுபவர், பெரும்பாலும் விசர் இல்லாத நாயால் கடிபட்டவராகவே இருப்பார். நோய் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்களிலும், சிலருக்கு ஓராண்டு கடந்தும் வெளிப்படும் என்பதால், பத்து நாளில் ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதி கொள்வது ஆபத்து. தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகும் நிலை வந்தபின் காப்பாற்ற வழியே இல்லை என்று சொல்லலாம்.

கடிபட்ட உடனே ஓடும் நீரில் சவர்க்காரம் இட்டு 15 நிமிடம் கழுவி, நேரே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம் இன்னும் பலரைத் தடுக்கிறது. அந்த முறை வழக்கொழிந்து, சில ஊசிகளே கையில் போடப்படுகின்றன. காயம் ஆழமானால், ஆயத்தமாகத் தயாரித்து வைத்த ரேபிஸ் எதிர்ப்புப் புரதத்தைக் காயத்திலேயே செலுத்துவர். குட்டி நாய் பல் பதித்தாலும், வீட்டு நாய் கீறினாலும் உடனே கழுவி வைத்தியசாலைக்குப் போவதே முறை. நாய் இறந்தால், அதன் மூளையைப் பரிசோதித்தே நோய் உறுதிசெய்யப்படும்.

முகாமுக்குக் கொண்டுவருவோர் கவனத்துக்கு

வளர்ந்த நாய்க்கு முதல்நாள் இரவுக்குப் பின் உணவு கொடுக்கக் கூடாது. மயக்கத்தில் வாந்தி எடுத்து அது மூச்சுக்குழலுக்குள் போனால் நாய் இறந்துவிடக் கூடும். இரக்கப்பட்டுக் காலையில் பாணும் பாலும் கொடுத்ததை மறைப்போர், சொல்லிவிட்டால் நாயை இன்னொரு நாளைக்கு வரச் சொல்வார்களே என்று எண்ணி மறைக்கின்றனர். தயவுசெய்து மறைக்க வேண்டாம். மயக்கத்தில் இருக்கும்போதே காதின் நுனியில் இடப்படும் சிறு வெட்டு, இந்த நாய்க்குக் கருத்தடை ஆயிற்று என்று தூரத்திலிருந்தே காட்டும் அடையாளம். இதனால் அது மறுபடி பிடிபடாது. வீடு போனபின் பத்து நாட்கள் நாயைக் குளிப்பாட்டாமல், ஈரத்தில் படுக்க விடாமல், தையலை நக்க விடாமல் காக்க வேண்டும். காயடித்த கடுவன் சில வாரங்கள் வரை பெட்டையைச் சினையாக்க வல்லது என்பதும் நினைவிலிருக்கட்டும்.

நாட்கூலிக்குப் போகும் ஒருவருக்கு முகாம் இலவசமாக இருந்தும் ஒருநாள் சம்பளம் செலவாகிறது என்பது மெய். ஆகவே முகாம் நடத்துவோர் பொதுநோக்கு மண்டபத்தை விடியற்காலையிலேயே திறந்து, நாய்களை ஏற்றிவர ஒரு வாகனத்தையும் ஒழுங்குசெய்ய வேண்டும். நாய் வளர்ப்போரிடம் கெஞ்சிக் கேட்பது இவ்வளவே: ஆறு மாதம் ஆகும் முன்பே பெட்டைக் குட்டியை முகாமுக்குக் கொண்டுவாருங்கள், ஆண்டுதோறும் தடுப்பூசி போடுங்கள், பிள்ளையை நாய் கடித்தால் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்லுங்கள்.