கோப்பும் அடைவும்

பலர் கூடிப் பயன்படுத்தும் யூனிக்ஸ் கணினியில், ஒவ்வொரு கோப்பின்மீதும் உடையவர், குழுவினர், ஏனையோர் என மூவகையினர்க்கு உரிமை வகுக்கப்படுகின்றது. படிக்க 4, எழுத 2, இயக்க 1. எனவே 640 எனில், உடையவர் படிக்கலாம், எழுதலாம், குழுவினர் படிக்க மட்டும் இயலும், ஏனையோர்க்கு ஒன்றுமில்லை. இதனை எவரும் விரைவிற் கற்றுவிடுவர். இடறுவது அடைவில்தான்.

“என் ஆய்வுக் கோப்புக்கு 444 இட்டிருந்தேன், எவரும் எழுத இயலாது. எனினும் யாரோ அதனை அழித்துவிட்டனரே!” என்று கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் வருந்தினார். அடைவு என்பது பெயர்ப் பட்டியல் அன்றோ? கோப்பை நீக்குவது அப்பட்டியலைத் திருத்துவதேயாகும். அதற்குக் கோப்பின்மீது உரிமை வேண்டுவதில்லை. அடைவில் நுழையவும் எழுதவும் உரிமை இருந்தாற் போதும். அவருடைய அடைவோ 777!

அனைவரும் எழுதவேண்டிய பொது அடைவுக்கு 1777 என இடுவது இதனாலேயே. முன்நிற்கும் 1, பிறர் கோப்பை நீக்கவிடாது காக்கும். 1986இல் பெர்க்லியிலிருந்து வெளிவந்த 4.3 பிஎஸ்டி பதிப்பில் இக்காவல் இடம்பெற்றது.