நரிக்கு எந்த சோக்?

ஆரணியில் துப்பாக்கிப் பேச்சு பட்டுக் கடையில் எழாது. ஊரைத் தாண்டி, மல்லாட்டை போட்ட கொல்லைகளில்தான் எழும். காட்டுப்பன்றி ராத்திரியோடு ராத்திரியாகக் கிளறிப் போட்ட காலையில், "ரெட்டைக்குழல் இருந்தால் ஒரு கை பார்க்கலாம்" என்பார் ஒருவர். "ஃபுல் சோக்கா இருக்கணும்" என்பார் விவரம் தெரிந்த இன்னொருவர். சென்னைத் தமிழின் 'சோக்கு' வேறு, இது வேறு.

ரவைத் தோட்டா போடும் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். 12 போர் என்றால் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ. குழலின் வாயருகே அதைச் சற்றுக் குறுக்கியிருப்பார்கள். அந்தக் குறுக்கம்தான் சோக். ஃபுல் சோக் என்று பெரிதாகச் சொல்வதே 1 மி.மீ. குறுக்கம்தான், ஆஃப் சோக் அதில் பாதி. குறுக்கமே இல்லாதது சிலிண்டர். மருந்தடிக்கும் ஸ்பிரேயரின் மூக்கைத் திருகியவருக்கு மேலும் விளக்க வேண்டாம்: தூவல் விரியும், குறுகும்.

இதை அளக்கும் முறை எளிது. 40 கஜ தூரத்தில் பெரிய தாளைக் கட்டிச் சுட்டு, ரவை விழுந்த இடத்தில் 30 அங்குல வட்டம் போட்டு, உள்ளே உள்ள துளைகளை எண்ணுவார்கள். ஃபுல் சோக்கில் நூற்றுக்கு 70 ரவை வட்டத்துக்குள் விழ வேண்டும், ஆஃபில் 60, சிலிண்டரில் 40. கிட்டத்தில் ஓடுவதற்கு விரியும் குழல், எட்டத்தில் நிற்பதற்குக் குறுகிய குழல் என்பது பொதுக்கணக்கு. ரெட்டைக்குழலில் இரண்டுக்கும் வெவ்வேறு சோக் வைப்பது இதற்காகத்தான்.

ஆனால் சோக் மந்திரம் அல்ல. 6-ஆம் நம்பர் ரவை ஒரு அவுன்ஸுக்கு 270 வரும். நூற்றுக்கு நாற்பது என்றாலும் நூறுக்கு மேல் வட்டத்தில் விழும். எல்.ஜி. என்ற பெரிய குண்டோ அவுன்ஸுக்கு ஆறுதான். அதில் இரண்டு தப்பினால் மிச்சம் என்ன? பெரிய குண்டுகள் இறுக்கமான குழலில் ஒன்றோடொன்று நெருக்கி, சில துப்பாக்கிகளில் இன்னும் தாறுமாறாகச் சிதறும். எந்தத் துப்பாக்கிக்கு எது ஒத்துவரும் என்பதைத் தாளில் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, ஆரணியில் நரிக்கு எந்த சோக்? எதுவும் இல்லை. பிரிட்டனில் ஆட்டுக்குட்டியையும் கோழியையும் தூக்கும் நரியைச் சுட விவசாயிக்குச் சட்டம் இடம் தருகிறது. அங்கே இந்தக் கேள்வி நியாயமானது. (நரிவேட்டை ஆசையை ஊட்டி வரை கொண்டுவந்த வெள்ளைக்காரர்கள், தங்கள் ஊர் நரி இல்லாமல் நம் குள்ளநரியைக் குதிரையில் துரத்தினார்கள்.) இங்கே 1972 வனவிலங்குச் சட்டத்தில் காகம், எலி, பழந்தின்னி வௌவால் ஆகியவை தொல்லை உயிர்கள் என்று தனிப் பட்டியலில் இருந்தன. 2022 திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. குள்ளநரியை முதல் பட்டியலில் ஏற்றியது. அதைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு சிறை. பயிர்க்காவலுக்குத் துப்பாக்கி உரிமம் தர ஆயுதச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அது விலங்கைச் சுடும் உரிமம் ஆகாது.

காட்டுப்பன்றி விஷயமும் இப்படித்தான். 2025 ஜனவரியில் தமிழக அரசு தந்த அனுமதியை 'இனி சுடலாமாம்' என்று டீக்கடையில் சுருக்கிவிட்டார்கள். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால், வனத்துறையினர் மட்டுமே சுடலாம். 1 கிலோமீட்டருக்குள் சுடவும் முடியாது, பிடிக்கவும் முடியாது. இடைப்பட்ட பகுதியில் பிடித்துக் காட்டில் விடலாம். ஜவ்வாது மலையடிவாரக் கொல்லைக்காரர்கள் முதலில் இந்தத் தூரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தறிக்காரருக்கு நரியால் நஷ்டமில்லை, எலியால் உண்டு. குழித்தறிக்குள் இறங்கிய எலி பாவில் ஒரு கடி கடித்தால், அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகத் தேடி முடிச்சுப் போட்டே பொழுது போய்விடும். வயலில் அந்த எலியைத் தின்பது நரியும் ஆந்தையும். என் கட்சி நரியின் கட்சிதான்.

எலிக்குத் தறிக்கொட்டகையில் பொறி வையுங்கள், நெல் வயலில் மூங்கில் கிட்டி வையுங்கள். பன்றி புகுந்தால் அன்றே சேதத்தைப் படம் பிடித்து, சர்வே எண்ணோடு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.