பப்ளிக், பிரைவேட், ஹைபிரிட்: மேலூர் ஸ்கேன் சென்டருக்கு எந்த கிளவுட்?

போன மாதம் மேலூருக்குப் போயிருந்தேன். சித்தப்பா மகன் அங்கே சின்னதாக ஒரு ஸ்கேன் சென்டர் வைத்திருக்கிறான். போய் உட்கார்ந்ததுமே இரண்டு கொட்டேஷனை எடுத்து நீட்டினான். "அண்ணே, ஒருத்தர் பப்ளிக் கிளவுட்ங்கிறார். இன்னொருத்தர் பிரைவேட் கிளவுட்ங்கிறார், ரேட்டு நாலு மடங்கு. பேஷன்ட் படத்தையெல்லாம் பப்ளிக்ல போட்டா எல்லாரும் பாத்துர மாட்டாங்களா?"

கேள்வியில் தப்பே இல்லை. பெயர் அப்படி. அதனால் முதலில் பெயர்களைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

கிளவுட் என்றால் எங்கேயோ ஒரு கட்டடத்தில் அடுக்கி வைத்த சர்வர்கள்தான். அதில் நமக்கு வேண்டிய இடத்தை நாமே திரையில் கேட்டு எடுக்கிறோம், வேண்டாதபோது விட்டுவிடுகிறோம், எவ்வளவு பயன்படுத்தினோம் என்பது மீட்டர் மாதிரி அளக்கப்படுகிறது. இந்த வசதி இருந்தால்தான் அது கிளவுட். மாடிப்படிக்குக் கீழே ஒரு சர்வரை வைத்துப் பூட்டினால் அது வெறும் சர்வர்தான். நாலு மடங்கு ரேட் போட்டிருந்த கொட்டேஷனைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு சர்வர், ஒரு ஹார்ட் டிஸ்க் பெட்டி. கிளவுட் என்பது பெயரில் மட்டும்தான் இருந்தது.

அடுத்த குழப்பம் நம்ம மொழிபெயர்ப்பால் வருகிறது. பப்ளிக் என்றால் அரசாங்கம், பிரைவேட் என்றால் தனியார் கம்பெனி என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே அப்படி இல்லை. அமேசான் தனியார் கம்பெனி. அது விற்பது பப்ளிக் கிளவுட், யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம். மத்திய அரசின் என்ஐசி 2014ல் தொடங்கிய 'மேகராஜ்' கிளவுட் அரசுத் துறைகளுக்கானது. நீங்களும் நானும் அதில் இடம் எடுக்க முடியாது. ஆக, கேட்க வேண்டியது 'யாருடையது' என்று இல்லை, 'யாரோடு பகிர்ந்துகொள்கிறோம்' என்றுதான்.

நம்ம ஊர் ஆட்களுக்கு வாய்க்காலையும் கிணற்றையும் வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். பெரியாறு பாசனத்தில் கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம். வாய்க்கால் பொது. ஆனால் அந்தத் தண்ணீர் பாய்ந்து என் வயலில் விளைந்த நெல் எனக்குத்தானே? பப்ளிக் கிளவுடும் அப்படித்தான். மெஷின் பொது, டேட்டா பொது இல்லை. பூட்டுச் சாவியை நாம் ஒழுங்காக வைத்திருந்தால் பக்கத்து வாடகைக்காரர் உள்ளே வர முடியாது.

பிரைவேட் கிளவுட் சொந்தக் கிணறு. நமக்கு மட்டும். வெட்டுற செலவு, மோட்டார், ரிப்பேர் எல்லாம் நம்ம பொறுப்பு. அது நம்ம கட்டடத்திலேயே இருக்க வேண்டும் என்றும் இல்லை. வேறு கம்பெனி தன் இடத்தில் நமக்கென்று தனியாக நடத்தித் தரலாம்.

ஹைபிரிட் என்பது இரண்டு தண்ணீரும் ஒரே வயலுக்குப் பாய்வது. இரண்டையும் இணைக்கிற வரப்பு வாய்க்கால் முக்கியம். ஒரு பக்கம் இருக்கிற டேட்டாவும் சாஃப்ட்வேரும் மறுபக்கம் போய்வர வழி இருக்க வேண்டும். சும்மா இரண்டையும் வாங்கி வைத்தால் அது இரண்டு பில், அவ்வளவுதான்.

இந்த உதாரணம் ஒரு இடத்தில் உடையும். வாய்க்காலில் திறந்துவிடும்போதுதான் தண்ணீர். பப்ளிக் கிளவுட் கேட்டவுடன் கேட்ட அளவு தரும், மீட்டரும் கூடவே ஓடும். இன்னொன்று, பெரும்பாலும் டேட்டாவை உள்ளே போடக் காசு கிடையாது. வெளியே எடுக்கும்போதுதான் பில் வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ரேட்டைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, எது பாதுகாப்பு? இரண்டு சம்பவம் சொல்கிறேன். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசு தரவு மையத்தில் பேட்டரியிலிருந்து தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த 'ஜி-டிரைவ்' எரிந்துபோனது. 858 டெராபைட். அரசாங்கத்தின் சொந்தக் கிளவுட்தான், ஆனால் வெளியே பேக்கப் இல்லை. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதிக்காக கூகுள் கிளவுடில் தனியாக நடந்துகொண்டிருந்த பிரைவேட் கிளவுட், ஒரு செட்டிங் பிழையால் மொத்தமாக அழிந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் நாள்கணக்கில் தவித்தார்கள். இருந்தும் மீண்டுவிட்டார்கள், ஏன்னா வேறொரு நிறுவனத்திடம் தனியாக ஒரு நகல் வைத்திருந்தார்கள்.

இரண்டுமே 'நமக்கு மட்டும்' என்று இருந்த கிளவுட்கள்தான். ஒருவரைக் காப்பாற்றியது வேறு இடத்தில் இருந்த நகல். பிரைவேட் என்ற பெயர் யாரையும் காப்பாற்றவில்லை.

தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். புதுப் படங்கள் சென்டரிலேயே ஒரு கம்ப்யூட்டரில் இருக்கட்டும். ரோட்டோரம் ஜேசிபி ஃபைபரை வெட்டினாலும் டாக்டர் படம் பார்க்கணும் இல்லையா? தினமும் ராத்திரி என்கிரிப்ட் பண்ணின நகல் ஒன்று பப்ளிக் கிளவுடுக்குப் போகட்டும். மும்பை, ஹைதராபாத், சென்னை என்று இந்தியாவுக்குள்ளேயே பெரிய கம்பெனிகளின் தரவு மையங்கள் இருக்கின்றன. கறாராகப் பார்த்தால் இது ஹைபிரிட் கிளவுட் இல்லை, ஆனால் அதே யோசனைதான். சின்ன இடத்துக்கு இது போதும்.

"அப்ப ஏதாச்சும் ஆச்சுன்னா அவங்க பொறுப்பு தானண்ணே?" என்று கேட்டான். இல்லை. 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையை வேறு கம்பெனியிடம் கொடுத்திருந்தாலும் நோயாளியின் தகவலுக்குப் பொறுப்பு அதை வாங்கினவர்தான். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரைக்கும் போகலாம்.

அவன் இரண்டு கொட்டேஷனையும் மடித்து உள்ளே வைத்தான். நகல் எடுப்பது பாதி வேலைதான். மாதம் ஒரு தடவை பழைய படம் ஒன்றைத் திரும்ப இறக்கித் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். திறக்கவில்லை என்றால் அது பேக்கப் இல்லை. நீங்களும் உங்கள் கடையில், ஆபீஸில் இன்றைக்கே ஒன்று இறக்கிப் பாருங்கள். திறந்ததா என்று எழுதுங்கள். அடுத்த எபிசோடில் பேசுவோம்.