மூளைக்குள் ஒரு மணிக்கூடு: அதைத் திருத்துவது காலை வானம்

தெஹிவளை வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "மனநலத்துக்குப் பத்துப் பழக்கங்கள் என்று ஒவ்வொரு நாளும் ஒரு பட்டியல் போனுக்கு வருகிறது. குளிர்ந்த தண்ணீரில் குளி, நன்றிக் குறிப்பு எழுது, மூச்சை எண்ணு என்கிறார்கள். வீட்டு வேலை, பிள்ளைகளின் ரியூசன், அலுவலகம் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வது?"

என் பதில் இது: எழும்பிய ஒரு மணித்தியாலத்துக்குள் வெளியே போங்கள். அரை மணித்தியாலம் திறந்த வானத்தின் கீழ் இருங்கள். நடந்தால் இன்னும் நல்லது. நடக்க முடியாவிட்டால் நின்றாலும் போதும்.

பட்டியலில் உள்ள மற்றவை கெட்டவை என்று சொல்லவில்லை. ஆனால் அவற்றில் பலவற்றுக்கு, அதைச் செய்தால் மனம் ஏன் தேற வேண்டும் என்று கேட்டால் தெளிவான விடை கிடைப்பதில்லை. காலை வெளிச்சம் செல்லும் பாதையையோ கண்ணிலிருந்து மூளைவரை கலம் கலமாகத் தொடர்ந்து போய்ப் பார்க்கலாம்.

விழித்திரையில் கோல்கள், கூம்புகள் என்று இரண்டு வகைக் கலங்கள் வெளிச்சத்தை உணர்கின்றன என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்புக்கலங்களில் மிகச் சிறு பகுதி, மெலனொப்சின் என்ற நிறப்பொருளின் உதவியோடு தானே வெளிச்சத்தை உணர்கிறது. உருவத்தையும் முகத்தையும் காண்பது இவற்றின் முக்கிய வேலையாக இல்லை. வெளியே எவ்வளவு வெளிச்சம் என்பதை அவசரமில்லாமல், நிமிடக் கணக்கில் கூட்டிப் பார்க்கின்றன. நீல வானத்தின் ஒளிக்கு, அதாவது 480 நனோமீற்றர் அலைநீளத்தை ஒட்டிய ஒளிக்கு, அதிகமாகத் துடிக்கின்றன. கூட்டிய கணக்கு, இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் சில பத்தாயிரம் நரம்புக்கலங்களுக்குப் போய்ச் சேர்கிறது. உடலின் தலைமை மணிக்கூடு அங்கேதான் இருக்கிறது. தூக்கம், உடல் வெப்பம், கோர்ட்டிசோல், மெலற்றோனின் எல்லாம் அதன் சொற்படி ஏறி இறங்குகின்றன. விழித்திரையின் அதே மூன்றாம் வகைக் கலங்களிலிருந்து இன்னொரு கிளை, மனநிலையோடு தொடர்புள்ள மூளைப் பகுதிக்கு நேராகவே போகிறது என்பதை 2018இல் எலிகளில் காட்டினார்கள்.

இந்த மணிக்கூட்டைக் கண்டறிந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1729இல் பிரான்சில் தெ மேரான் என்பவர் தொட்டாற்சுருங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்தார். உள்ளே ஒரு மணிக்கூடு ஓடுவதுபோல, வெயில் இல்லாமலே அது பகலில் இலை விரித்து இரவில் மூடியது. மெலனொப்சின் முதலில் அகப்பட்டது 1998இல், தவளைத் தோலில். கண்ணில் அதைத் தாங்கிய கலங்கள் தாமாகவே ஒளியை உணர்கின்றன என்பது 2002இல் உறுதியானது. கலத்துக்குள் மணிக்கூட்டை ஓட்டும் மரபணுக்களுக்காக 2017இல் மூன்று அமெரிக்கர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

என்னை மயக்குவது, வெளிச்சம் அந்த மணிக்கூட்டைத் திருத்தும் விதம். நம் மூளை மணிக்கூட்டின் ஒரு சுற்று சரியாக 24 மணித்தியாலம் இல்லை. சராசரியாக 24 மணித்தியாலமும் 11 நிமிடமும். மங்கலான அறையில் திருத்துவாரில்லாமல் விட்டால் ஒரு வாரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்திவிடும். அதை நாள்தோறும் திருத்துவது வெளிச்சம். ஆனால் ஒரே வெளிச்சம் விழும் நேரத்தைப் பொறுத்து நேர்மாறான வேலையைச் செய்கிறது.

ஊஞ்சல் ஆடும் பிள்ளையைப் பின்னால் நின்று தள்ளுவதை நினைத்துப் பாருங்கள். பலகை உங்கள் பக்கம் இருக்கும்போது தள்ளினால் சீக்கிரம் முன்னே போகிறது. அந்தச் சுற்று முந்துகிறது. நடுப்புள்ளியைத் தாண்டி அப்பால் போய்விட்ட பலகையைத் துரத்திப் போய் இன்னொரு தள்ளுத் தள்ளினால் அது மேலும் தூரம் போய், திரும்பி வரப் பிந்துகிறது. தள்ளு ஒன்றுதான், விளைவு எதிர். காலை வெளிச்சம் முதல் வகைத் தள்ளு: மணிக்கூட்டை முன்னே நகர்த்துகிறது, இரவில் நேரத்தோடு தூக்கம் வருகிறது. இரவு வெளிச்சம் இரண்டாம் வகை: நள்ளிரவுவரை விழிப்பைத் தள்ளிக்கொண்டு போகிறது. நடுப்பகல் வெளிச்சம், பலகை மிகத் தாழ்ந்த புள்ளியைக் கடக்கையில் கொடுக்கும் தள்ளு: நேரம் பெரிதாக மாறாது, ஆட்டத்தின் வீச்சு கூடும். நாள் முழுக்க வீட்டுக்குள் இருப்பவரின் ஊஞ்சலை யாருமே தள்ளுவதில்லை; வீச்சுக் குறைந்து, பகலில் சோர்வும் இரவில் அரைத்தூக்கமுமாக அசைந்துகொண்டிருக்கிறது.

இப்போது தெஹிவளைக்கு வருவோம். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே தொடர்மாடிகள் நெருங்கி நிற்கின்றன. பல வீடுகளின் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்தான். போனில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கிப் பாருங்கள். ரியூப் லைட் எரியும் முன்னறையில் 100 முதல் 300 லக்ஸ் காட்டும். வாசலைக் கடந்து வீதிக்கு வந்தால், மேகம் மூடிய நாளிலும் ஆயிரக்கணக்கில் ஏறும். தெளிவான வானமானால் நிழலில் நின்றாலே 10,000 லக்ஸைத் தாண்டும். அறை பிரகாசமாக இருப்பதாகத் தோன்றுவது கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால். மூன்றாம் வகைக் கலங்களுக்கு அந்த அறை அந்திக்குச் சமம்.

நம் கடற்கரை மேற்கைப் பார்த்தது. காலையில் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால்தான் எழும்புகிறது. அது குறையே இல்லை. தேவைப்படுவது வானத்தின் ஒளி. சூரியனை நேரே பார்க்கக் கூடாது, பார்க்கத் தேவையும் இல்லை. தண்டவாளத்தைக் கவனமாகக் கடந்து மணலில் இறங்கினாலும், மரைன் டிரைவில் வெள்ளவத்தைப் பக்கம் நடந்தாலும், மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போட்டாலும் கணக்கு ஒன்றுதான். கறுப்புக் கண்ணாடியை மட்டும் அந்த நேரத்தில் தவிருங்கள்.

இரவுப் பக்கமும் நமக்கே உரிய ஒரு சிக்கல். இங்கே இரவு 11 மணியாகும்போது கோடைகால ரொறன்ரோவில் பகல் ஒன்றரை. மகனோ தங்கச்சியோ வீடியோவில் வருவது அப்போதுதான். முன்னறை லைட் முழுக்க எரிய, திரை முகத்துக்கு முன்னால் இருக்கும். மெல்பேணில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக 25 லக்ஸ் அளவு வெளிச்சமே மாலை மெலற்றோனினைப் பாதியாகக் குறைத்தது. ஆளுக்கு ஆள் இந்த உணர்திறன் 50 மடங்குக்கு மேல் மாறியது. ஒரே அறையில் அப்பா குறட்டை விட, அம்மா விடியும்வரை புரள்வதற்கு இதுவும் காரணமாகலாம். பேச்சை நிறுத்தச் சொல்லமாட்டேன். பிள்ளைகளின் குரலும் மருந்துதான். பெரிய லைட்டை அணைத்து, திரையை மங்கலாக்கி, முடிந்தால் வெறும் குரலில் பேசுங்கள்.

மணிக்கூட்டை ஆணையால் மாற்ற முடியுமா என்பதை இலங்கை பார்த்திருக்கிறது. மின்சாரத் தட்டுப்பாட்டால் 1996 மே மாதம் நாட்டின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலம் குறைத்தார்கள். அந்தப் 'புது நேரம்' 2006 சித்திரைப் புத்தாண்டுவரை நீடித்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே இருந்தது. தை மாதத்தில் கொழும்பில் சூரியன் உதிப்பது புது நேரப்படி ஏழு மணியை ஒட்டி, பாடசாலை ஏழரைக்கு. பிள்ளைகள் இருட்டில் எழும்பி, இருட்டில் வான் ஏறினார்கள். பெற்றோர் முறைப்பட்டதில் உயிரியல் நியாயம் இருந்தது. சுவர் மணிக்கூடு அரசாங்கத்தைக் கேட்டது. பிள்ளையின் மூளை சூரியனைக் கேட்டது.

சரி, மனநலத்துக்கு ஆதாரம் என்ன? பிரித்தானியாவில் சுமார் 87,000 பேரின் மணிக்கட்டில் ஒளியுணரி கட்டி அளந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. இரவில் அதிக வெளிச்சத்தில் இருந்தவர்களிடம் மனச்சோர்வு ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாகவும், பகலில் அதிக வெளிச்சம் பெற்றவர்களிடம் 20 சதவீதம் குறைவாகவும் இருந்தது. இதை வைத்து வெளிச்சம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. மனம் சோர்ந்தவர் வெளியே போகாமல் இருப்பதும் இயல்பு. அதனால் எனக்குப் பெரிதாகப் படுவது கனடாவில் 122 நோயாளிகளிடம் நடந்து 2016இல் வெளியான சோதனை. காலையில் 30 நிமிடம் 10,000 லக்ஸ் விளக்கின் முன் இருந்தவர்கள், போலிக் கருவியும் போலி மாத்திரையும் பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். விளக்கோடு மருந்தும் எடுத்தவர்களும் அப்படியே. சிறிய சோதனைதான், ஆனால் ஒழுங்காக நடந்தது.

அந்த விளக்கை விற்கும் விளம்பரங்கள் இப்போது நம் போனுக்கும் வருகின்றன. மார்கழியில் ஒன்பது மணித்தியாலப் பகல் மட்டுமே காணும் ரொறன்ரோ உறவினருக்கு அது உதவலாம். தெஹிவளையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை. ஆண்டு முழுக்க வாசலில் இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். வேலை போனதையும், வீட்டு வாடகையையும், போரில் இழந்தவர்களையும் எந்த வெளிச்சமும் ஈடுசெய்யாது. இருமுனைக் கோளாறுக்கு மருந்து எடுப்பவர்கள் ஒளிச் சிகிச்சையை டொக்டரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. மனம் அளவுமீறி உச்சத்துக்கு ஏறிவிடலாம். கவலையும் நாட்டமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நடையை மட்டும் நம்பாமல் வைத்தியரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

மற்ற ஒன்பது பழக்கங்களுக்கும் நேரம் கிடைத்தால் செய்யுங்கள். நேரமில்லை என்றால் இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: நாளைக் காலைத் தேத்தண்ணியை வீட்டுக்கு வெளியே குடியுங்கள்.