51-ஆவது மணி

ஒரு வைரஸ் செல்லுக்குள் நுழைகிறது. அதற்குச் சொந்தப் பட்டறை கிடையாது. செல்லின் புரதப் பட்டறைகளையே தன் வேலைக்குப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். ரைபோசோம் என்கிற இந்தப் பட்டறைகள் ஒரு செல்லில் லட்சக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றும் விநாடிக்கு ஐந்தாறு அமினோ அமிலங்களைப் பூத்தொடுப்பதுபோல் தொடுத்துக்கொண்டே இருக்கும். ஆபத்தை உணர்ந்த செல், பட்டறை பட்டறையாகப் போய்க் கதவைச் சாத்துவதில்லை. ஒரு குறிப்பிட்ட புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. பெரும்பாலான உற்பத்தி அதோடு படுத்துவிடுகிறது.

அந்தப் புரதத்தின் பெயர் இஐஎஃப்2-ஆல்ஃபா. 300-க்கும் மேற்பட்ட அமினோ அமில மணிகள் கோத்த மாலை அது. பாஸ்பேட் ஒட்டுவது 51-ஆவது மணியில். அந்த மணி செரின் என்ற அமினோ அமிலம். மாலையின் மொத்த எடை சுமார் 36,000 டால்டன். ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை ஏறக்குறைய ஒரு டால்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்பேட்டால் கூடுவது வெறும் 80. அறுபது கிலோ ஆள் சட்டைப்பையில் ஒரு கொய்யாப்பழத்தைப் போட்டுக்கொண்ட மாதிரிதான்.

இத்தனை சிறியது எப்படி அத்தனையையும் நிறுத்துகிறது? அந்தப் புரதத்தை ஓர் உறுப்பாகக் கொண்ட இஐஎஃப்2 என்பது ஓர் ஆட்டோ. ஒவ்வொரு புரதத்துக்கும் முதல் மணியை ரைபோசோமில் கொண்டுபோய் இறக்குவது அதன் வேலை. ஒரு சவாரி முடிந்ததும் எரிபொருள் நிரப்ப வேண்டும். நிரப்பித் தரும் பங்க், இஐஎஃப்2பி என்ற இன்னொரு புரதம். ஆட்டோக்கள் அதிகம், பங்குகள் குறைவு. பாஸ்பேட் ஒட்டிய ஆட்டோ பங்குக்குள் போனால் நகராமல் அடைத்துக்கொண்டு நின்றுவிடும். ஆகவே எல்லா ஆட்டோவையும் கெடுக்க வேண்டியதில்லை. சில போதும், மற்றவை வரிசையில் காய்ந்துகொண்டிருக்கும்.

பாஸ்பேட்டை ஒட்டும் காவலர்கள் நால்வர். ஒருவர் வைரஸின் சுவடு கண்டால் விழிப்பார். இன்னொருவர் அமினோ அமிலப் பஞ்சத்தைக் கவனிப்பார். மூன்றாமவர் சரியாக மடியாத புரதங்கள் குவிவதைப் பார்ப்பார். நான்காமவரின் முக்கியப் பணியிடம் சிவப்பணுவாக வளரும் செல்கள். அங்கே ஹீமோகுளோபினுக்குத் தேவையான ஹீம் குறைந்தால், குளோபின் தயாரிப்பையும் நிறுத்திவிடுவார். அரிசி வராதபோது உலையை எதற்குக் கொதிக்க விட வேண்டும்?

இந்தப் பூட்டு விழுந்ததை ஆய்வகத்தில் எப்படித் தெரிந்துகொள்வது? அங்கேதான் முயல் வருகிறது. 51-ஆவது மணியைச் சுற்றியுள்ள சிறு துண்டை மட்டும், பாஸ்பேட்டோடு சேர்த்துச் செயற்கையாகச் செய்கிறார்கள். அதைப் பெரிய புரதம் ஒன்றில் கட்டி முயலுக்கு ஊசி போடுகிறார்கள். சில வாரங்களில் முயலின் ரத்தத்தில் அதைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள், அதாவது எதிர்ப்பொருள்கள், பெருகுகின்றன. அவற்றில் பாஸ்பேட் இல்லாத துண்டையும் பிடிப்பவை இருக்கும். எனவே பாஸ்பேட் இல்லாத துண்டுகள் நிரப்பிய குழாய் வழியே ஊற்றி வடிகட்டுகிறார்கள். ஏமாறுபவை அங்கேயே ஒட்டிக்கொள்ள, கொய்யாப்பழம் இருந்தால் மட்டும் பிடிப்பவை வெளியே வருகின்றன.

அடுத்தது செல்களை உடைப்பது. உடைத்த நொடியே பாஸ்பேட்டைக் கழற்றிவிடும் நொதிகளும் வெளிப்படும் என்பதால், வேலை முழுக்கப் பனிக்கட்டி மேல், அந்த நொதிகளை முடக்கும் மருந்தோடு நடக்கும். பிறகு எஸ்டிஎஸ் சேர்த்துக் கொதிக்க வைக்கிறார்கள். இது அயல்சரக்கல்ல, பற்பசையில் நுரை தரும் சோடியம் லாரில் சல்ஃபேட்டேதான். மடிந்து கிடக்கும் புரதங்களை நீட்டி, மின்சுமையும் ஏற்றிவிடும். ஜெல்லி போன்ற தகட்டில் மின்சாரம் பாய்ச்சினால் சிறிய புரதங்கள் வேகமாக ஓடும், பெரியவை பின்தங்கும். ஓடி முடித்த வரிசையை உள்ளங்கை அளவு வெள்ளைத் தாளுக்கு அப்படியே ஒற்றி எடுக்கிறார்கள்.

இந்த ஒற்றுமுறை 1979-இல் வெளிவந்தது. 1981-இல் அதற்கு வெஸ்டர்ன் பிளாட் என்று பெயர் வந்தது ஒரு வேடிக்கையால். டிஎன்ஏவுக்கு இதே உத்தியை 1975-இல் தந்தவர் எட்வின் சதர்ன். அவர் பெயரைத் திசையாக்கி, ஆர்என்ஏவுக்கு வடக்கு, புரதத்துக்கு மேற்கு என்று வைத்துவிட்டார்கள்.

தாளின் வெற்றிடங்களில் ஆன்டிபாடி சும்மா ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, முதலில் வேறு புரதத்தால் அவற்றை நிரப்ப வேண்டும். வழக்கமாக அதற்குக் கரைத்து ஊற்றுவது கொழுப்பு நீக்கிய பால் பவுடர். ஆனால் பாஸ்பேட்டைத் தேடும்போது பலர் பாலைத் தொடமாட்டார்கள். பாலின் கேசின் புரதமே பாஸ்பேட்டுகளைச் சுமந்திருக்கும். தேடுவதும் பின்னணியும் கலந்துவிடலாம். மாட்டு ரத்தத்தின் அல்புமினைக் கொண்டு நிரப்புவார்கள்.

முயல் ஆன்டிபாடி இலக்கைப் பிடித்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் முயலின் ஆன்டிபாடியையே பிடிக்கும் ஓர் ஆட்டு ஆன்டிபாடி அடுத்து வருகிறது. அதன் முதுகில் ஒரு நொதி. கடுகுக் குடும்பத்துக் காரக்கிழங்கு ஒன்றிலிருந்து எடுத்தது. லூமினால் என்ற பொருளை ஊற்றினால், நொதி இருக்கும் இடம் மட்டும் ஒளிரும். குற்றம் நடந்த இடத்தில் ரத்தக்கறையைக் காட்டிக்கொடுப்பதும் இதே லூமினால்தான். இருட்டுப் பெட்டிக்குள் கேமரா காத்திருந்து அந்த ஒளியைப் பிடிக்கும். திரையில் அது கறுப்புப் பட்டையாகத் தெரியும்.

நிம்மதியான செல்லின் வரிசையில் பட்டை மங்கல். தாக்குண்ட செல்லின் வரிசையில் அழுத்தமான கறுப்பு. உடனே கைதட்டிவிட முடியாது. இரண்டு வரிசையிலும் அந்தப் புரதத்தின் மொத்த அளவு ஒன்றுதானா என்று இன்னோர் ஆன்டிபாடியால் பார்க்க வேண்டும். மூன்றாவது வரிசையில், அதே தாக்குண்ட செல்லின் சாற்றிலிருந்து பாஸ்பேட்டை வேண்டுமென்றே கழற்றிவிட்டு ஓட்ட வேண்டும். பையிலிருந்த கொய்யாப்பழத்தை எடுத்தாயிற்று. பட்டையும் காணாமல் போயிருக்க வேண்டும். போகவில்லையென்றால், முயல் வேறு எதையோ காட்டிக்கொண்டிருக்கிறது.