இயாகோவின் பாதிப் பேச்சு

'ஒதெல்லோ' நாடகத்தில் இயாகோ பொய் சொல்லி வென்றான் என்பார்கள். என் வாசிப்பில், அவன் பாதியில் விழுங்கிய பேச்சுத்தான் கூடுதலாக வேலை செய்கிறது. மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியைப் பாருங்கள். கெசியோ டெஸ்டிமோனாவிடம் கதைத்துவிட்டுப் போவதைக் கண்டு இயாகோ முணுமுணுக்கிறான். என்னவென்று கேட்டால், "ஒண்டுமில்ல" என்று மழுப்புகிறான். சொல்லச் சொல்லி வற்புறுத்துவது ஒதெல்லோதான். பொறாமை கூடாதென்று புத்தி சொல்பவனும் இயாகோவே! கேட்டு வாங்கிய சந்தேகம் ஒதெல்லோவுக்குத் தன் சொந்தக் கண்டுபிடிப்பாகத் தெரிகிறது. லேஞ்சி, அதற்குப் பிறகு வந்த சாட்சி. கெசியோவுக்குக் கிடைத்ததென்று இயாகோ புகைந்துகொண்டிருந்த துணைத்தளபதிப் பதவி, காட்சி முடியும்போது அவன் கையில். நான்காம் அங்கத்தில் ஒதெல்லோ மனைவியை நேரே விசாரிக்கிறான். ஆனால் தீர்ப்பை அதற்கு முன்பே எழுதிவிட்டான்.