காரில் கூடுதலாக மாட்டும் மீட்டருக்கு ஏன் இத்தனை ஒயர்கள்?

டர்போ அழுத்தத்தையோ எண்ணெய் வெப்பத்தையோ காட்டும் ஒளிரும் மீட்டரை டேஷ்போர்டில் மாட்ட, பல மாடல்களில் நான்கு மின் ஒயர்கள் வரும். எரிவது ஒரு சின்ன விளக்கு. அதற்கு எதற்கு நான்கு?

வீட்டுத் தண்ணீர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். மேல்நிலைத் தொட்டி, மெயின் வால்வு, குழாய்த் திருகு, கழிவு நீர் வெளியேறும் வழி. இந்த நான்கும்தான் அந்த ஒயர்கள்.

தொட்டி, 12 வோல்ட் பேட்டரி. அதிலிருந்து நேரடியாக வரும் ஒயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். சில மீட்டர்கள் தங்கள் அமைப்புகளை நினைவில் வைத்திருப்பது இதனால்தான். வால்வு, சாவி. அதைத் திருப்பினால்தான் இரண்டாவது ஒயர் உயிர்பெறும், மீட்டர் விழிக்கும். இந்த ஒயரையும் நேரடியாகப் பேட்டரியில் கொடுத்தால், நிறுத்திய காரிலும் மீட்டர் எரிந்து பேட்டரியைத் தீர்த்துவிடும்.

திருகு, பார்க்கிங் விளக்கின் சுவிட்ச். அதைப் போட்டதும் மூன்றாவது ஒயர், "இருட்டிவிட்டது" என்று மீட்டருக்குச் சொல்லும். மீட்டர் உடனே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். இருளுக்குப் பழகிய கண் கூசாது.

கடைசி ஒயர், எர்த். காரின் இரும்பு உடல் வழியாக மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை அது. பெயின்ட் மேலோ துருவின் மேலோ முடுக்கினால் பாதை அடைபடும். விளக்கு மினுங்கும், முள் தவறாகக் காட்டும்.

வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். மின்சாரம் எடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஃபியூஸ் போடுங்கள். மஞ்சள் உறையிட்ட ஒயர்கள் பெரும்பாலும் ஏர்பேக்கினுடையவை. அவற்றைத் தொடவே வேண்டாம்.